கணினியின் தமிழ் வாசிப்புக் குரலுக்கு ஏற்ற இறக்கம் கொடுப்பது எப்படி?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் பார்வையற்ற பிள்ளைகள் சிலருக்குச் சிறுகதைகளை ஒலிக்கோப்பாக்கிக் கொடுக்கிறேன். கணினித் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானோடு வரும் ஈஸ்பீக் குரலில்தான் தொடங்கினேன். அது மனிதக் குரலின் பதிவு அல்ல, கணக்குப் போட்டு ஒலியை உருவாக்குவது. அதனால் பழைய கணினியிலும் இணையம் இல்லாமலே ஓடும். பாடப்புத்தகத்துக்குச் சரி. கதை என்று வந்தால், ஆச்சி பேயைக் கண்டு அலறுவதும் வானிலை அறிக்கை மாதிரித்தான் கேட்கிறது.

மைக்ரோசாஃப்டின் இலங்கைத் தமிழ்க் குரல்கள், குமாரும் சரண்யாவும், எவ்வளவோ மேல். எப்படி வாசிக்க வேண்டும் என்று குரலுக்குச் சொல்ல எழுத்துக்குள் இடும் எஸ்எஸ்எம்எல் குறிகளால் இடைவெளி, சுருதி, வேகத்தை மாற்றலாம். ஆனால் வசனத்துக்கு வசனம் கையால் குறி போட்டுக் கட்டாது. இந்தக் குரல்களுக்கு இணையம் வேண்டும், எங்கள் பக்கம் அதுவும் விட்டு விட்டுத்தான்.

கேள்விக்குறி, மேற்கோளைப் பார்த்துத் தானாகவே குறி போடும் பைத்தான் நிரல் யாரிடமாவது உண்டா?

இன்னொன்று. நன்றாகக் கதை சொல்லும் அக்கா ஒருவர் தன் குரலைத் தரச் சம்மதித்திருக்கிறார். எழுத்தைப் பேச்சாக்கும், இணையமில்லாமல் ஓடும் பைப்பர் மென்பொருளில் அதைப் பயிற்றுவிக்க எத்தனை மணிநேரப் பதிவு வேண்டும்? சிரிப்பு, கோபம் எல்லாம் கலந்து பதியலாமா, தனித்தனியாகவா? பின்னால் கோழியும் உழவு இயந்திரமும் கட்டாயம் கேட்கும். ஒலித்தொகுப்பு மென்பொருளான ஒடாசிட்டியில் சுத்தம் செய்தால் போதுமா?