மீட்டியோசுனாமிக்குத் தமிழ்: ‘காற்றழுத்த ஓதம்’

நண்பர்களுக்கு வணக்கம். காற்றழுத்தம் சட்டென்று மாறுவதால் கடல்நீர் ஆழிப்பேரலைபோல ஏறி இறங்குவதுதான் மீட்டியோசுனாமி. அதற்குக் ‘காற்றழுத்த ஓதம்’ என்று நான் முன்வைத்த சொல்லுக்கு வந்த மாற்றுக் கருத்துகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஓதம் என்றால் கடல்நீர் ஏறுவதும் வடிவதும்.

> “வானிலை ஆழிப்பேரலை” என்றே வைத்துவிடலாமே. கேட்டதும் புரியும்.

தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. 2004க்குப் பிறகு ஆழிப்பேரலை என்றாலே நமக்கு நிலநடுக்கம்தான் நினைவுக்கு வருகிறது. இதில் கடலடியில் எதுவும் அசைவதில்லை. மேலே காற்றழுத்தம் சில நிமிடங்களில் சட்டென்று மாறுகிறது, அவ்வளவுதான்.

மத்தியதரைக் கடலில் மெனோர்காத் தீவின் சியுதாதெல்லா துறைமுகம் இதற்குப் பேர்போனது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமும் நூறு மீட்டருக்கும் குறைந்த அகலமும் உள்ள ஒடுங்கிய கடற்கழி அது. 2006 ஜூன் 15 அன்று அந்தக் கழியில் தண்ணீர் மளமளவென்று வடிந்து படகுகள் தரைதட்டின. வடிந்த நீர் திரும்பப் பாய்ந்தபோது கயிறுகள் அறுந்து படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கியது. சாதாரண நாளில் அங்கே ஓதம் ஓரடிகூட இருக்காது.

காற்றழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர்தான் மாறும். பிறகு எப்படி 4 மீட்டர்? கீழே ஆப்பிரிக்காவிலிருந்து வரும் வெப்பக்காற்று, மேலே பலமான தென்மேற்குக் காற்று. இந்த அமைப்பில் உருவாகும் அழுத்த அலை வினாடிக்குச் சுமார் 25 முதல் 30 மீட்டர் வேகத்தில் நகரும். பக்கத்துத் தீவான மயோர்காவுக்கும் மெனோர்காவுக்கும் இடையே ஆழம் குறைந்த கடலில் நீரலையும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் ஓடும். இரண்டும் சேர்ந்தே போவதால் நீரலை வலுத்துக்கொண்டே வரும். அப்புறம் கழிக்குள் நுழைகிறது. கழி நீர் ஒருமுறை ஏறி இறங்க இயல்பாகவே பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். வரும் அலையும் அதே தாளத்தில் வந்தால், சரியான நேரத்தில் தள்ளிவிடப்பட்ட ஊஞ்சல்போல ஆட்டம் பெரிதாகிவிடும்.

ஆக, கரையில் நிற்பவர் பார்ப்பது வடிவதும் ஏறுவதும்தான். பேரலை என்ற சொல்லில் அந்த வடிதல் வரவில்லை. அதனால்தான் ஓதத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

> வளியோதம்? சின்னதாக, அழகாக இருக்கிறது.

எனக்கும் பிடித்ததுதான். ஆனால் வளிமண்டலத்துக்கே உரிய ஓதம் ஒன்று உண்டு. நாளைக்கு அதைப் பற்றி எழுதுகிறவர் திண்டாடிப்போவார். காற்றழுத்தம் என்ற சொல்லோ வானொலிச் செய்தி கேட்கும் எல்லோருக்கும் தெரியும்.

> ஓதம் நிலவால் வருவது. இதற்கு எப்படிப் பொருந்தும்?

நியாயமான கேள்வி. ஆனால் பழைய தமிழில் ஓதம் என்றால் கடல், அலை, வெள்ளம் எல்லாம்தான். நிலவோடு மட்டும் கட்டிவைத்தது பிற்காலத்தில். முன்னால் ‘காற்றழுத்த’ என்று வந்துவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். தீவுகளின் காலநிலை பற்றி எழுதும்போது ‘கடல்மட்ட உயர்வு’ என்ற ஒன்றோடு நிறுத்திவிடுகிறோம். 2100க்குள் உலக சராசரி உயர்வு உமிழ்வைப் பொறுத்து சுமார் 0.3 முதல் 1 மீட்டர் வரை என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் கணிப்பு. காற்றழுத்த ஓதம் அந்த உயர்ந்த மட்டத்தின் மேல் ஏறும். இன்று கரைக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் ஆட்டம் அன்று தெருவுக்குள் வந்துவிடும். வெப்பமாதல் கடுமையானால் மெனோர்காவில் இதற்குத் தோதான நாள்களும் கூடக்கூடும் என்று மாதிரிக் கணிப்புகள் காட்டுகின்றன. உயர்வும் ஓதமும் ஒரே அளவுகோலில் அளக்கப்படுபவை என்பது சொல்லிலேயே தெரிந்தால் வாசகரே கூட்டிப் பார்த்துக்கொள்வார்.

புயல் தள்ளிக்கொண்டு வரும் நீருக்குப் ‘புயல் ஓதம்’ என்று வைத்தால் இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும். 2020 செப்டம்பரில் கிரேக்கத் தீவான கெஃபலோனியாவைத் தாக்கிய இயானோஸ் போன்ற மெடிகேன்களை, அதாவது மத்தியதரைக் கடலில் உருவாகும் சூறாவளி போன்ற புயல்களைப் பற்றி எழுதவும் அது உதவும். அத்தகைய புயல்கள் எண்ணிக்கையில் குறைந்து வலுவில் கூடும் என்கிறார்கள்.

காற்றழுத்த ஓதத்துக்கு அந்தந்த ஊரில் வழங்கும் பெயர்களை மட்டும் தொட வேண்டாம். மெனோர்காவின் ரிசாகா, சிசிலியின் மரோபியோ, மால்டாவின் மில்கூபா எல்லாம் அந்தந்தக் கடற்கரை மக்கள் வைத்த பெயர்கள்; அப்படியே எழுதுவோம். 1978 ஜூன் 21 அன்று குரோவேஷியாவின் கோர்ச்சுலாத் தீவில் உள்ள வேலா லூகாவில் நீர்மட்டம் 6 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கியதையும் எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, ‘புயல் ஓதம்’ சரிதானா என்பதைக் கடலோர நண்பர்கள் சொல்ல வேண்டும்.