புகையே தெரியவில்லை, பாதரசம் மட்டும் குறையவில்லை

கேள்வி: எங்கள் அனல்மின் நிலையத்தில் மின்னியல் வீழ்படிவி (மின்புலத்தால் புகையின் தூசியைப் பிடிக்கும் கருவி) தூசியை நன்றாகவே பிடிக்கிறது. வெளியேறும் புகையில் பாதரச அளவு மட்டும் இறங்கவே இல்லை. ஏன்?

பதில்: தூசியில் ஒட்டியதுதான் அங்கே சிக்கும், மீதி ஆவியாகப் போய்விடும். ஈர ஸ்கிரப்பர் (புகையை நீர்க்கரைசலால் கழுவும் கருவி) உண்டா?

கேட்டவர்: உண்டு. நிலக்கரியில் குளோரின் குறைவு.

பதில்: அதுதான் சிக்கல். ஆக்சிஜனேற்றம் அடைந்த பாதரசம் தண்ணீரில் கரைந்து ஸ்கிரப்பரில் நின்றுவிடும். தனிம வடிவம், அதாவது வேறெதோடும் சேராத பாதரசம், கரையாது. குளோரின் குறைந்தால் தனிமம்தான் அதிகம் வரும். பாதரசத்தை ஆக்சிஜனேற்ற, நிலக்கரியோடு கொஞ்சம் புரோமைடு உப்பு சேர்த்துப் பாருங்கள். இல்லையென்றால் வீழ்படிவிக்கு முன்னால், பாதரசத்தைத் தன்மேல் ஒட்டவைக்கும் கிளர்வூட்டிய கரித்தூளைத் தூவலாம். நான் நம்புவது இந்தக் கரித்தூளைத்தான். ஆனால் கரி கலந்த சாம்பலைக் கான்கிரீட்டுக்கு விற்பது கஷ்டம்.

இன்னொரு பதில்: அப்புறம் ஸ்கிரப்பர் கழிவுநீர்! அப்படியே ஆற்றில் விட்டால் மெத்தில் பாதரசம் என்ற நச்சு வடிவமாக மாறி மீனில் சேரும். சல்பைடு சேர்த்து, பாதரசத்தைத் திடப்பொருளாக வீழ்படிய வைத்து, வடிகட்டிய பிறகே வெளியேற்றுங்கள்.