தலைப்பெழுத்தா, பேரெழுத்தா?

அன்புடையீர்,

> ஆங்கிலத்தின் 'கேப்பிடல்' எழுத்துக்குத் 'தலைப்பெழுத்து' என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ஆங்கிலக் கடித விதிகளை விளக்க இன்னொரு சொல் எதற்கு?

அது வேறு பொருளில் புழங்குகிறது என்பதுதான் சிக்கல். காரைக்குடியில் பெயருக்கு முன்னால் வரும் இனிஷியலையே தலைப்பெழுத்து என்கிறோம். 'பெயரைத் தலைப்பெழுத்தில் எழுதுக' என்றிருந்த ஒரு படிவத்தில் என் அப்பச்சி 'ராம.' என்று மட்டும் எழுதினார். படிவம் திரும்பி வந்தது. அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். பிழை சொல்லில் இருக்கிறது.

இங்கே இனிஷியல் சிறிய விஷயம் அன்று. வட்டிக்கடைகளுக்கு முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த 'விலாசம்'தான் அடையாளம். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் பெயரைப் பாருங்கள். நடுவிலுள்ள 'சிடி' ஒரே தலைப்பெழுத்து. ஆங்கிலத்தில் அதன் 'சி' பெரிது, 'டி' சிறிது. பழைய சொல்லையே வைத்துக்கொண்டால், 'தலைப்பெழுத்தில் பாதிதான் தலைப்பெழுத்து' என்று விளக்க நேரும்!

'பெரிய எழுத்து' என்றால் பெரிய அச்சில் வந்த கதைப் புத்தகங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. அது அளவைச் சொல்கிறது, வகையைச் சொல்லவில்லை.

ஆகவே 'பேரெழுத்து', 'சிற்றெழுத்து' என்ற இணையை முன்வைக்கிறேன். பேரூர், சிற்றூர் போல இயல்பாகப் புணர்கின்றன. 'பேர்' என்பதில் பெயரும் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் சிறப்புப் பெயர்கள் அவ்வெழுத்தில்தானே தொடங்குகின்றன!

கடிதத்தில் வைத்துப் பார்த்தேன். 'டியர் சார்' என்ற விளியில் இரு சொற்களும் பேரெழுத்தில் தொடங்கும். 'மை டியர் சார்' என்று நீண்டால் நடுவிலுள்ள 'டியர்' சிற்றெழுத்துக்கு இறங்கும். முடிப்பில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்பதில் முதற்சொல்லுக்கு மட்டுமே பேரெழுத்து. பிள்ளைகள் தவறுவது இங்கேதான். சிற்றெழுத்து மரியாதைக் குறைவு என்று எண்ணி இரண்டையும் உயர்த்திவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையார் சுழிக்குக் கீழே 'ம.ரா.ரா.ஸ்ரீ' (மகாராஜராஜஸ்ரீ) என்ற மரியாதைச் சொல்லோடு தொடங்கிய கடிதங்களின் வழி வந்தவர்கள். நமக்கு மரியாதை சொல்லில் இருக்கிறது. எழுத்தில் பெரிது சிறிது என்ற பிரிவே தமிழில் இல்லாததால், அது வெறும் எழுத்து மரபு என்று தெளிவாகச் சொல்லித்தர வேண்டும்.

சொல் முழுவதும் பேரெழுத்தானால் 'முழுப்பேரெழுத்து', முதலெழுத்து மட்டுமானால் 'முதற்பேரெழுத்து' எனலாமா? இரண்டாவது எனக்கே சற்று நீளமாகப் படுகிறது. சுருக்கமாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.