ஆஞ்சியோகிராம் ‘நார்மல்’, ஆனால் டிரோபோனின் ஏறுகிறது: ஸ்காட் இல்லை என்று எப்போது சொல்லலாம்?

பயிற்சியில்_இருப்பவன்:

கேஸ் டிஸ்கஷனுக்காக இப்படி ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். பெண், வயது 44. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எதுவும் கிடையாது. 2 மணி நேரமாக நெஞ்சுவலி. ஈசிஜியில் வி3 முதல் வி6 வரை டி அலைகள் தலைகீழ். இதயத் தசை சேதத்தைக் காட்டும் ஹை சென்சிடிவிட்டி டிரோபோனின் முதல் மாதிரியில் எல்லைக்குச் சற்று மேலே, 3 மணி நேரம் கழித்துப் பல மடங்கு. எக்கோவில் இதய நுனி சரியாகச் சுருங்கவில்லை. ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட்டில் ‘அடைப்பு ஏதுமில்லை, எல்ஏடியின் (இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் தமனி) கடைசிப் பகுதி சற்று மெல்லியது’ என்று இருக்கிறது.

டாகோட்சுபோ (மன அழுத்தத்தில் இதயத் தசை தற்காலிகமாகத் தளர்வது) என்று எழுதிவிடலாம் என்பது ஒரு கட்சி. தமனிச் சுவர் தானாகப் பிளக்கும் ஸ்காட்டை இன்னும் ஒதுக்க முடியாது என்பது இன்னொரு கட்சி. என் சந்தேகங்கள்: படத்தில் எதைத் தேட வேண்டும்? சந்தேகம் வந்த எல்லோருக்கும் ஓசிடி (தமனிக்குள் ஒளி அனுப்பிச் சுவரைப் படம் எடுப்பது) செய்தாக வேண்டுமா? ஆபத்தான இந்த ஆஞ்சியோகிராமுக்குப் பதில் சிடி எடுத்தே முடித்துவிட முடியாதா?

கேத்லேப்_மேசை:

‘சற்று மெல்லியது’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

பாடப்புத்தகப் படத்தில் இரண்டு லூமன் (ரத்தம் ஓடும் உள்வழி), நடுவே ஒரு சவ்வு, சுவரில் தேங்கி நிற்கும் காண்ட்ராஸ்ட் சாயம் எல்லாம் தெரியும். அது டைப் 1. ஸ்காட்டில் பெரும்பாலானவை அப்படி வராது. சுவருக்குள் ரத்தம் கட்டி, லூமனை வெளியிலிருந்து அழுத்துகிறது. உள்சவ்வு கிழிந்தே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சுவருக்குள் ஓடும் நுண்குழாய் வெடித்தாலும் ரத்தம் கட்டும். ஆஞ்சியோகிராம் காட்டுவது லூமனை மட்டும்தான், சுவரை அல்ல. ஆகவே கண்ணுக்குத் தெரிவது நீளமான, வழவழப்பான ஒரு குறுகல். அது டைப் 2. மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இதுதான். நீளம் பெரும்பாலும் 20 மி.மீக்கு மேல். குறுகல் முடிந்து தமனி மறுபடி பழைய அகலத்துக்கு வந்தால் 2ஏ, நுனிவரை குறுகியே போனால் 2பி. நீங்கள் சொல்லும் கேஸ் 2பி ஆக இருக்கலாம், பிறவியிலேயே மெல்லிய தமனியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிப்பதுதான் வேலை.

டைப் 3 என்பது 20 மி.மீக்குக் குறைவான குட்டைக் குறுகல். கொழுப்பு அடைப்பு போலவே இருக்கும், ஏமாற்றும். டைப் 4 என்பது முழு அடைப்பு, வழக்கமாக தூரக் கிளையில். இதை எம்போலிசம் (வேறிடத்திலிருந்து வந்த ரத்தக்கட்டு அடைப்பது) என்று எழுதிவிடுவது சகஜம்.

புதிதாக எதையும் உள்ளே அனுப்பும் முன் எடுத்த படத்தையே திரும்ப ஓட்டுங்கள். இந்த வரிசையில் பார்ப்பது நல்லது:

முதலில் எக்கோ. எந்தச் சுவர் அசையவில்லையோ அதற்கு ரத்தம் தரும் கிளையை மட்டும் எடுத்து ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். மொத்த மரத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கிற கண்ணுக்கு இது தப்பிவிடும்.

அடுத்து, படம் நுனிவரை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். எல்ஏடி இதய நுனியைச் சுற்றி வளைகிற ஆளில், மேசையை நகர்த்தாமல் எடுத்த படத்தில் கடைசி 3 செ.மீ சட்டத்துக்கு வெளியே போய்விடும். காண்ட்ராஸ்ட் வடிந்து முடியும் முன்னரே பெடலை விட்டிருந்தால் சுவரில் தேங்கும் சாயமும் பதிவாகியிருக்காது.

பிறகு அகலம். சாதாரணத் தமனி படிப்படியாகக் குறுகும். எல்ஏடி ஆரம்பத்தில் சராசரி 3.7 மி.மீ, தூரப் பகுதியில் 1.9 மி.மீ, பெண்களில் இன்னும் ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு. ஸ்காட்டில் ஒரு கிளை பிரியும் இடத்தில் திடீரென்று ‘படி’ இறங்கினாற்போல் இருக்கும், அடுத்த கிளை பிரியும் இடத்தில் முடியும். முள்ளங்கி வால் போலக் கூம்பிப் போவதும் உண்டு. மற்ற தமனிகளெல்லாம் திருகாணி மாதிரி வளைந்து நெளிந்திருக்க, ஒரு துண்டு மட்டும் குச்சி போல நேராக நிற்கிறதா? ரத்தக்கட்டு இறுக்குவதால் அங்கே நெளிவு காணாமல் போகும். என்னைக் கேட்டால், அகலத்தைவிட இந்த நேர்க்கோடுதான் முதலில் கண்ணில் படும் தடயம்.

கடைசியாக, இருக்க வேண்டிய கிளை இல்லாமல் இருக்கிறதா என்று தேடுங்கள். அடியோடு மூடிய டயகனல் (எல்ஏடியின் பக்கக்) கிளைக்கு மொட்டைக் கட்டைகூட மிஞ்சாமல் போகலாம். வெற்றிடமாகக் கிடக்கும் தசைப் பரப்பு காட்டிக்கொடுக்கும்.

இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், சிஸ்டாலிக் அழுத்தம் இடம் தந்தால், தமனிக்குள் நைட்ரோகிளிசரின் 100 முதல் 200 மைக்ரோகிராம் கொடுத்து அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். இறுக்கம் விட்டால் ஸ்பாஸம். சுற்றியுள்ள தமனிகள் விரிந்து அந்தத் துண்டு மட்டும் அப்படியே நின்றால் ஸ்காட் பக்கம் சாய்கிறது. பிரிட்ஜிங் (தமனியின் மேல் தசை பாலம்போல் மூடியிருப்பது) என்றால் இதயம் சுருங்கும்போது மட்டும் நசுங்கி, விரியும்போது திறக்கும். ஸ்காட் இரண்டிலும் ஒன்று போலவே இருக்கும்.

பயிற்சியில்_இருப்பவன்:

தெளிவாக இருக்கிறது, நன்றி சார். அப்படியானால் டைப் 2 தெரிந்த பிறகும் ஓசிடி செய்து உறுதிப்படுத்தச் சொல்வார்களே, அது?

சுவர்_பார்ப்பவர்:

வேண்டாம். டைப் 1ம், தெளிவான டைப் 2ம் படத்திலேயே முடிந்த கதை. வயர் போனால்தான் ஓசிடி, பெரும்பாலும் ஐவஸும் (தமனிக்குள் எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) அப்படியே. அந்த வயர் பொய் லூமனுக்குள் நுழைந்தால் பிளவு நீளும். ஓசிடிக்கு ரத்தத்தை விலக்கக் காண்ட்ராஸ்டை அழுத்தத்தோடு செலுத்த வேண்டும். ஏற்கெனவே பிளந்த சுவருக்குள் அந்த அழுத்தமே ஆப்பு வைத்துவிடும்.

செய்ய வேண்டிய இடம் டைப் 3, அல்லது பதில் தெரிந்தால் சிகிச்சையே மாறும் என்ற நிலை. அதுவும் தமனி போதுமான அகலமாக, அதிக நெளிவில்லாமல், பெருந்தமனிக்கு அருகிலோ நடுப்பகுதியிலோ இருந்தால்தான். 1.5 மி.மீ தூரக் கிளைக்குள் ஓசிடி கேத்தெட்டரே லூமனை அடைத்துவிடும். உங்கள் உதாரணத்தில் எல்ஏடியின் கடைசிப் பகுதி என்கிறீர்கள், நான் அதற்குள் போக மாட்டேன்.

எது நல்லது என்றால் ஓசிடி 10 முதல் 20 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். உள்சவ்வின் கிழிசல், இரட்டை லூமன், ரத்தக்கட்டின் எல்லை எல்லாம் கூர்மையாகத் தெரியும். ஆனால் ரத்தக்கட்டு பெரிதாக இருந்தால் ஒளி உள்ளே போகாது, பின்சுவர் நிழலில் மறையும். ஐவஸ் 150 மைக்ரான் அளவில்தான் பிரித்துக் காட்டும் என்றாலும் ஆழமாக ஊடுருவும், காண்ட்ராஸ்ட் அழுத்தமும் தேவையில்லை. இரண்டும் கைவசம் இருந்து, ஆழம்தான் கேள்வி என்றால் ஐவஸ் பாதுகாப்பானது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஸ்காட் நோயாளியின் தமனிச் சுவர் மற்ற இடங்களிலும் பலவீனமாகவே இருக்கும். ஆஞ்சியோகிராம் கேத்தெட்டரே புதிய கிழிசலை உண்டாக்கும் ஆபத்து ஒரு பெரிய ஆய்வில் 3.4 சதவீதம், வழக்கமான நோயாளிகளில் 0.2 சதவீதத்துக்கும் கீழ். ஆகவே கேத்தெட்டர் முனை தமனி வாயில் நேராக, ஆழமாகப் போகாமல் நிற்க வேண்டும். அழுத்த அலை தணிந்தால் சாயம் செலுத்தவே கூடாது, முதலில் கேத்தெட்டரைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கையால், மெதுவாக, தேவையான அளவு மட்டும். பெருத்த வளைவுள்ள, ஆழமாக உட்காரும் வகைக் கேத்தெட்டர்களைத் தவிருங்கள். எத்தனை கோணம் போதுமோ அத்தனையோடு நிறுத்துங்கள்.

அவசரப்பிரிவு_இரவு:

இங்கே பேச்செல்லாம் கேத்லேப் உள்ளேதான் போகிறது. நோயாளி அங்கே வந்து சேருவதே பாதிப் போராட்டம். ‘வயசு குறைவு, பெண், ரிஸ்க் எதுவும் இல்லை, பதற்றமாக இருக்கும்’ என்று வீட்டுக்கு அனுப்புவதில்தான் ஸ்காட் அதிகம் தவறிப்போகிறது. பாதிக்கப்படுபவர்களில் சுமார் 10 பேரில் 9 பேர் பெண்கள், பெரும்பாலும் 40களிலும் 50களின் தொடக்கத்திலும். ரிஸ்க் இல்லை என்பது இங்கே ஆறுதல் அல்ல, ஸ்காட்டின் அடையாளமே அதுதான். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்களிலும் வரும் மாரடைப்புக்கு முதன்மையான காரணம் இது. தாய்க்கு நெஞ்சுவலி என்றால் நுரையீரல் எம்போலிசம் மட்டும் தேடி நிறுத்தக் கூடாது.

முதல் ஈசிஜி சரியாக இருக்கலாம். வலி நீடித்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுங்கள், வி7 முதல் வி9 வரை பின்பக்க லீடுகளையும் சேர்த்து. டிரோபோனினும் ஒரே மாதிரியோடு நிற்கக் கூடாது. சீக்கிரம் வந்தவருக்கு முதல் மாதிரி எல்லைக்குள்ளேயே இருக்கும். பெண்களுக்கான தனி எல்லை உங்கள் லேபில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். டி டைமரோ வேறு ரத்தப் பரிசோதனையோ ஸ்காட்டைப் பிரித்துக்காட்டாது.

எஸ்டி உயர்வு இருந்து ஸ்காட் சந்தேகமும் இருந்தால், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை விட உடனடி ஆஞ்சியோகிராமுக்கு அனுப்புவதே வழி. கரைப்பான் சுவருக்குள் ரத்தக்கசிவைப் பெருக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், ஸ்காட் என்று உறுதியாகி ஸ்டென்ட் வைக்கப்போவதில்லை என்றால் நிறுத்துவதைப் பற்றி அப்போதே கேளுங்கள். யாரும் கேட்காததாலேயே அது மறுநாள் வரை ஓடும்.

குறுக்குவெட்டு:

சிடி கேள்விக்கு என் பதில்: கடும் நிலையில் ஆஞ்சியோகிராமுக்கு மாற்றாக வேண்டாம். ஸ்காட் விரும்பிப் போவது நடு, தூரப் பகுதிகளுக்கு. சிடி நம்பகமாகக் காட்டுவது சுமார் 2 மி.மீக்கு மேற்பட்ட தமனிகளை. போதாததற்கு வலியில் இதயம் வேகமாகத் துடிக்கும், படம் கலங்கும். நார்மல் சிடி ஸ்காட்டை ஒதுக்காது. இந்த ஒரு வரியை ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

வேறு காரணத்துக்காக எடுத்த சிடியில் கண்ணில் படுவதும் உண்டு. அப்போது சவ்வைத் தேடாதீர்கள், சிடியில் அது அபூர்வம். திடீர்க் குறுகல், கூம்பிப் போகும் லூமன், சட்டைக் கை போலத் தமனியைச் சுற்றித் தடித்த சுவர், சுற்றியுள்ள கொழுப்பில் கலங்கல், அந்தத் தமனி ஊட்டும் தசையில் காண்ட்ராஸ்ட் குறைவு. இவை சேர்ந்து வந்தால் எழுதுங்கள். கால்சியமோ கொழுப்புப் படிமமோ எங்கும் இல்லாமல் ஒரு துண்டில் மட்டும் இப்படி இருப்பது சந்தேகத்தைக் கூட்டும்.

டாகோட்சுபோ குழப்பத்துக்கு எம்ஆர்ஐ உதவும், முடிந்தால் முதல் 2 வாரத்துக்குள். டாகோட்சுபோவில் அசையாத பகுதி ஒரு தமனியின் எல்லையைத் தாண்டிப் பரவும், வீக்கம் இருக்கும், காண்ட்ராஸ்ட் தங்கித் தழும்பு ஒளிர்வது வழக்கமில்லை. ஸ்காட்டில் ஒளிர்வு உள்தசையில் தொடங்கி, ஒரு தமனியின் பரப்போடு பொருந்தும். மயோகார்டைடிஸ் (இதயத் தசை அழற்சி) என்றால் நடுத்தசையிலோ வெளிப்புறத்திலோ. ஆனால் நுனியைச் சுற்றி வளையும் எல்ஏடியில் தூர ஸ்காட் வந்தால் எக்கோவில் அச்சு அசலாக டாகோட்சுபோ மாதிரிதான் இருக்கும். உங்கள் கேஸின் கண்ணியே அது. ஒளிர்வு இல்லாத எம்ஆர்ஐயை வைத்து ஸ்காட் இல்லை என்றும் முடிக்க முடியாது. சிறிய பாதிப்பு தழும்பே விடாமல் ஆறிவிடும்.

பயிற்சியில்_இருப்பவன்:

அப்படியென்றால் இந்தக் கேஸில் நுனிக்குள் வயர் அனுப்ப முடியாது, எம்ஆர்ஐயும் தெளிவில்லை என்று வைத்துக்கொண்டால்? கேள்விக்குறியோடு டிஸ்சார்ஜ் எழுதுவதா?

கேத்லேப்_மேசை:

கேள்விக்குறி தவறில்லை, ‘நார்மல்’ என்று எழுதுவதுதான் தவறு. ‘டைப் 2பி ஸ்காட் சந்தேகம், தூர எல்ஏடி’ என்று எழுதி, ஸ்காட் என்றே நடத்துங்கள். வலி நின்று, ரத்த ஓட்டம் இருந்து, அழுத்தம் நிலையாக இருந்தால் கை வைக்காமல் 3 முதல் 5 நாள் கண்காணிப்பு. பிளவு நீண்டு மறுபடி மோசமாவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் நடக்கும். இடது மெயின் தண்டில் பிளவு, நிற்காத வலி, அழுத்தம் சரிவது, ஆபத்தான தாளக்கோளாறு என்றால் கணக்கு வேறு.

பதிலை நோயே சில வாரத்தில் சொல்லிவிடும். சும்மா விட்டால் 90 சதவீதத்துக்கும் மேல் 30 நாள் தாண்டிய பிறகு எடுக்கும் படத்தில் ஆறியிருக்கும். முன்பு 1.2 மி.மீயாக இருந்த நுனி 1.9 மி.மீயாகத் திரும்பியிருந்தால் பழைய படம் ஸ்காட்தான். அப்படியே மெல்லியதாக இருந்தால் பிறவி வாகு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பெயர் வைப்பதற்காக மட்டும் மறு ஆஞ்சியோகிராம் வேண்டுமா என்பதை அந்த 3.4 சதவீதத்தோடு எடைபோடுங்கள். தண்டிலோ ஆரம்பப் பகுதியிலோ இருந்ததென்றால் பின்தொடர்வுக்கு சிடி போதும். இந்தக் கேஸில் நுனி என்பதால் சிடி கை கொடுக்காது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஆதாரம் தேடலாம். தலையிலிருந்து இடுப்புவரை தமனிகளை ஒரு முறை சிடி அல்லது எம்ஆர் ஆஞ்சியோகிராமில் பாருங்கள். சிறுநீரகத் தமனியிலோ கழுத்துத் தமனியிலோ மணி கோத்தாற்போல் ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா (தமனிச் சுவரின் அமைப்புக் கோளாறு) தெரிந்தால், ‘சற்று மெல்லிய’ அந்த எல்ஏடியின் மேல் சந்தேகம் பல மடங்கு கூடும். எப்படியும் ஸ்காட் நோயாளிக்குச் செய்ய வேண்டிய பரிசோதனைதான், மூளைத் தமனி புடைத்து நிற்கும் அனியூரிசமும் அதிலேயே அகப்படும்.

சுவர்_பார்ப்பவர்:

ஒரு சின்னச் சேர்க்கை. மறு ஆஞ்சியோகிராம் எடுப்பதென்றால் முதல் தடவை எந்தக் கோணம், எந்த அளவு நைட்ரோ என்பதைக் குறித்து வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள். முதல் படம் நைட்ரோ இல்லாமலும் இரண்டாவது நைட்ரோவோடும் இருந்தால் எல்லாத் தமனிக்கும் அகலம் கூடியிருக்கும். அதைப் பார்த்து ‘ஆறிவிட்டது, ஸ்காட்தான்’ என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் கிடக்கின்றன. அதே படத்தில் பாதிக்கப்படாத ஒரு கிளையையும் அளந்து, இரண்டின் விகிதத்தை ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் வராது.