கரண்ட்ட ஏத்துனா அலை காணாம போச்சு, உங்களுக்கும் இப்படி ஆச்சா?

கெண்டைக்கால்
ஒரு ஆராய்ச்சிக்கு வாலண்டியரா போய் உக்காந்தேன். ஹெச் ரிஃப்ளெக்ஸ் தான், நரம்புக்கு ஷாக் குடுத்து தசை தானா என்ன பதில் தருதுன்னு பாக்குற டெஸ்ட், முட்டிக்குப் பின்னாடி குழியில ஷாக், கெண்டைக்கால்ல எலக்ட்ரோடு, பத்து செகண்டுக்கு ஒண்ணு. மொதல்ல ஒண்ணும் வரல, அப்புறம் ஸ்க்ரீன்ல 30 மில்லிசெகண்டு தள்ளி குட்டியா ஒரு மேடு, கரண்ட்ட கூட்டக் கூட்ட அழகா வளந்துச்சு, நானும் ஏதோ பரீட்சைல மார்க் ஏறுற மாதிரி பாத்துட்டே இருக்கேன், திடீர்னு அதுக்கு முன்னாடி இன்னொரு மேடு மொளைச்சு, இது வளர வளர என் மேடு சுருங்கி சுருங்கி கடைசில தரைமட்டம். காலு மட்டும் முன்னவிட பலமா உதறுது! டெஸ்ட் எடுத்த பொண்ணு ஸ்க்ரீன பாத்து "ம்ம்"ன்னு ஒண்ணு சொல்லிட்டு எதையோ எழுதிக்கிச்சு. அவ்ளோதான். மூணு மாசமாச்சு, அந்த "ம்ம்" இன்னும் காதுல கேக்குது. என் நரம்பு அவுட்டா?

ஜெல்_டப்பா
அண்ணே, நான் இந்த டெஸ்ட் எடுக்குறவ தான். அது காணாம போகலன்னா தான் நாங்க முழிப்போம். கரண்ட் கம்மியா இருக்கப்போ தடியான உணர்ச்சி நரம்பு தான் மொதல்ல விழிக்கும், சேதி தண்டுவடத்துக்கு ஏறி அங்க இருக்குற மோட்டார் நியூரான, அதாவது தசைய ஆட்டுற நரம்பு செல்ல, தட்டி எழுப்பி திரும்ப காலுக்கு வருது, அந்தச் சுத்துக்குத்தான் 30 மில்லிசெகண்டு. கரண்ட் ஏறுனா தசைக்குப் போற நரம்பையே நேரா புடிச்சிடுது, முன்னாடி மொளைச்ச மேடு அது. ஆனா அதே நரம்புல சேதி மேல் பக்கமும் ஓடும்ல, அது மேலருந்து எறங்கி வர்ற சேதியோட நேருக்கு நேர் முட்டி ரெண்டுமே காலி. ஒத்தையடிப் பாதைல எதிரும் புதிருமா ரெண்டு மாட்டு வண்டி. ரெண்டு மேட்டோட உச்சத்தையும் வகுத்துப் பாத்தா தான் நியூரான் எவ்ளோ சுலபமா எழுந்துக்குதுன்னு ஒரு கணக்கு கிடைக்கும்.

என்ன உறுத்துறது வேற. ஒரு நாள் ஒருத்தருக்கு மேடு ஒரே சீரா வந்துட்டிருந்துச்சு, பன்னெண்டாவது ஷாக்ல திடீர்னு ரெண்டு மடங்கு. வயர் ஆட்டமான்னு தேடுறேன், மெஷின ஆஃப் பண்ணி போடுறேன், ம்ஹும். நிமிந்து பாத்தா மனுஷன் கண்ண மூடி பல்ல நறநறன்னு கடிச்சிட்டு உக்காந்திருக்காரு, தாடை எலும்பு துடிக்குது. ஷாக்குக்கு பயம். "பல்ல விடுங்க சார்"னேன், மேடு எறங்கிடுச்சு. பல்லு எங்க, கெண்டைக்கால் எங்க! படிச்சது தான், ஆனாலும் கண்ணால பாத்தப்போ புல்லரிச்சிடுச்சு.

சும்மா_இருந்த_விரல்
எனக்கு டி.எம்.எஸ்., காந்தத்தால மூளைய தட்டிப் பாக்குற டெஸ்ட். தலைமேல எட்டு வடிவத்துல காயில், டொக்னு ஒரு சத்தம், ஆட்காட்டி விரல் அதுவா துள்ளுது. நான் ஆட்டல!! பத்து தட்டுல அஞ்சு தடவையாவது விரல் தசைல வர்ற அலை 50 மைக்ரோவோல்ட் தாண்டணும், அதுக்கு எவ்ளோ பவர் வேணுமோ அதான் உங்க த்ரெஷோல்டுன்னாரு டெஸ்ட் எடுத்தவரு. நடுவுல எனக்கு ஒரு குசும்பு, விரல அசைக்காம குண்டூசி எடுக்குற மாதிரி மனசுல மட்டும் நெனச்சேன். அடுத்த அலை எகிறிடுச்சு. அவரு திரும்பி "எதையும் நினைக்காதீங்க"ன்னாரு. அன்னிக்கு முழுக்க எதையும் நினைக்காம இருக்கணும்னு நெனச்சு நெனச்சே செத்தேன்.

தண்டுவடம்_தாசன்
மேல சொன்ன விரல்காரருக்கு ஒண்ணு. நீங்க அளந்தது மோட்டார் நியூரான இல்ல. மூளையோட புறணி, அங்கருந்து எறங்குற பாதை, தண்டுவடம் எல்லாம் சேந்த மொத்தக் கணக்கு அது. எது எகிறுச்சுன்னு எப்படி சொல்வீங்க?

சும்மா_இருந்த_விரல்
விரல் துள்ளுச்சுன்னேன், தீர்ப்பா எழுதுனேன்? அப்போ ஹெச் மட்டும் சுத்தமா?

தண்டுவடம்_தாசன்
அதுவும் இல்ல. உணர்ச்சி நரம்போட நுனியிலயே தண்டுவடம் வால்வ திருகிடும், நியூரான் அப்படியே இருந்தாலும் அலை சின்னதாகும். ஹாஃப்மான்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1910லயே இந்த ரிஃப்ளெக்ஸ எழுதிட்டாரு, இது இன்னும் வம்பு புடிச்ச அளவு தான். பார்க்கர்ங்கிறவரோட குழு உங்க காந்த டெஸ்ட கொண்டு வந்தது 1985ல, அதுக்கு முன்னாடி 1980ல மண்டைத்தோல் மேல நேரா கரண்ட் வெச்சாங்க, அதுக்கு உங்க டொக் எவ்வளவோ தேவல.

இருபதுல_பதிமூணு
எனக்கு எஃப் வேவ், தசைக்குப் போற நரம்புல மேல ஓடுன சேதி தண்டுவடத்த தொட்டு திரும்பி வர்ற அலை. மணிக்கட்டுல 20 ஷாக், ஒண்ணொண்ணும் சுரீர்னு, பதிமூணுக்குத்தான் பதில் வந்துச்சு, அதுவும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. ஏழு ஃபெயிலான்னு கேட்டா மேடம் சிரிச்சிட்டாங்க. மேல ஓடுன சேதிக்கு ஒவ்வொரு தடவையும் நூத்துல சில நியூரான் தான் திருப்பிச் சுடுமாம், அதுவும் வேற வேற ஆளுங்க. என் கதை அவ்ளோதான்.

போறவங்களுக்கு நாலு வார்த்தை. அன்னிக்கு எண்ணெய், க்ரீம் எதுவும் தடவாதீங்க, எலக்ட்ரோடு ஒட்டாது. கை கால் ஜில்லுனு இருந்தா நரம்பு மெதுவா ஓடும், ரிப்போர்ட்ல அது நோய் மாதிரி தெரியும், எனக்கு கைய சூடு பண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. பேஸ்மேக்கர் இருந்தா வாசல்லயே சொல்லிடுங்க. காயில் டெஸ்டுன்னா தலைக்குள்ள ஆபரேஷன்ல வெச்ச உலோக க்ளிப், காதுல காக்ளியர்னு கேக்குறதுக்கு வெச்ச கருவி, எப்பவாவது வலிப்பு வந்திருந்தா அதையும் மறைக்காதீங்க, காதடைப்பான் கேட்டு வாங்கிக்கோங்க. நடுவுல தலைய திருப்புறது, போன எட்டிப் பாக்குறது, நெளியுறது வேண்டாம், உக்காந்த வாக்கு மாறுனாலே அலை மாறும். தூக்கம் வந்தா சொல்லிடுங்க, தூங்குனா ஹெச் அலையே படுத்துடும். அப்புறம் சும்மா சும்மா "நார்மலா நார்மலா"ன்னு கேக்காதீங்க, பாவம் அவங்க.

கெண்டைக்கால்
யாரும் அட்வைஸ் கேக்கல, ஆனாலும் காதடைப்பான் மேட்டருக்கு நன்றி. ஜெல் டப்பா தங்கச்சி, மாட்டு வண்டில தெளிவாயிடுச்சு. நேத்து ரெண்டாவது ரவுண்டு கூப்பிட்டாங்க, அதே பொண்ணு. மேடு சீரா வந்துட்டிருக்கு, வாய மூடிட்டு நைசா பல்ல கடிச்சேன். ஸ்க்ரீன்ல எகிறுச்சு பாருங்க! அது திரும்பி என் தாடையவே பாத்துச்சு. "பல்ல கடிக்கிறீங்களா?"

"ம்ம்"னேன்.