காலமை 5.30க்கு விலைப்பக்கம் ஏன் காணாமல் போகுது?

சுன்னாகத்தான்:
ஹைஃபாநெட்டில் (2023 வரைக்கும் ஃப்ரீநெட் என்ற பெயர்; மைய சேர்வர் இல்லாமல் பாவிக்கிறவர்களின் கணினிகளே பக்கங்களை வைத்துப் பரிமாறும் வலை) நாங்கள் போடும் மருதனார்மடச் சந்தை விலைப்பக்கம் காலமை 5.30க்கு மறைந்து, வெயில் ஏறின பிறகுதான் திரும்ப வருகிறது. முகவரிக்குள்ளேயே தேதியை வைத்திருக்கிறோம், கிரீன்விச் நள்ளிரவில் அது மாறும், அதுதான் எங்கட 5.30; அன்றைய விலையை ஏற்றும் வரைக்கும் புது முகவரியில் ஒன்றும் இருக்காது. பழைய ஃப்ரீநெட் காலத்து முறை இது, விடுங்கோ. பதிப்பு எண் போடும் யூஎஸ்கே முகவரிக்கு மாறினால் வாசிக்கிறவரின் நோட் (அவரின் கணினியில் ஓடும் ஹைஃபாநெட்) தானே அடுத்த எண்ணைத் தேடும், கிடைக்காவிட்டால் பழையதையே திறக்கும்.

கடலோரக்காற்று:
பழையதையே திறக்கும் என்பதுதான் அண்ணை பிரச்சினை. நேற்றைய வெங்காய விலையைப் பார்த்துவிட்டு ஒருவர் லான்ட்மாஸ்டரில் மூடையை ஏற்றிக்கொண்டு போனால் யார் பதில் சொல்லுறது? விலைக்கு வெறும் பக்கமே மேல்.

சுன்னாகத்தான்:
பக்கத்தின் தலையில் தேதி பெரிதாக இருக்கிறதே.

கடலோரக்காற்று:
ஓம், இருக்குது. ஆர் பார்க்கினம்?

பனங்கூடல்:
முதல்நாள் இரவே நாளைய முகவரியில் ஒரு பக்கத்தை ஏற்றி வைத்தால் என்ன? ‘விலை பிறகு வரும்’ என்று மட்டும் எழுதி.

கடலோரக்காற்று:
அதைச் செய்யவே கூடாது. இந்த வலையில் ஒரு முகவரியில் ஏற்றினது ஏற்றினதுதான். பிறகு அதே முகவரியில் உண்மையான விலையை ஏற்றப் போனால், ஏற்கெனவே வேறொன்று இருக்கிறது என்று மோதி நிற்கும், அன்று முழுக்க ‘பிறகு வரும்’தான். விலையோ சந்தையில் கூவினால்தான் தெரியும், அதை ஏற்றினாலும் நோட்டுக்கு நோட்டு பரவ நேரம் எடுக்கும். அதுக்குள்ள எல்லாரும் ரிஃப்ரெஷ் பண்ணிப் பண்ணிப் பார்க்கிறது இன்னும் கெடுதல், ஏனென்றால் இப்பதான் கிடைக்காமல் போன முகவரியை நோட்டுகள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்து, தேடாமலே இல்லை என்று அனுப்பிவிடும்.

பனங்கூடல்:
சரி, அப்ப இன்னொன்று. சிலருக்கு 5.30க்கு இல்லை, 6 மணிக்குத்தான் மறைகிறது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெசின்களைப் பாருங்கோ. இலங்கை நேரம் 1996 ஒக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரைக்கும் கிரீன்விச்சுக்கு 6 மணி முந்தி இருந்தது, அந்த நேர வலயம் சில மெசின்களில் இன்னும் அப்படியே கிடக்கிறது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக் கையால் நேரத்தைத் திருத்தினால் முகப்பில் 5.30 சரியாகத் தெரியும், உள்ளே கிரீன்விச் 23.30 என்று கணக்குப் போட்டு நேற்றைய முகவரியைத்தான் கேட்கும்.

சுன்னாகத்தான்:
பார்த்தீங்களோ, வாசிக்கிறவரின் மணிக்கூட்டை நம்பின முறை இது. எண்ணுக்கு மணிக்கூடு எதுக்கு?

கடலோரக்காற்று:
நாள் நள்ளிரவில்தான் மாறவேண்டும் என்று சட்டமில்லை, பழைய முறையிலேயே தள்ளி வைக்க வழி இருந்தது. எங்கட ஸ்கிரிப்டில் காலமை 9 மணிக்குத் தேதியை மாற்றுவம், ஏற்றினது பரவ அவகாசம் கிடைக்கும்.

சுன்னாகத்தான்:
9 மணி வரைக்கும் நேற்றைய விலைதானே காட்டும் தம்பி? அதைத்தானே கூடாது என்றீர்.

கடலோரக்காற்று:
9 மணிக்கு அது தானாகப் போய்விடும், உங்கட எண் முறையில் நாங்கள் ஏற்றாத நாளெல்லாம் அதே விலை நிற்கும். விலைக்குத் தேதியே இருக்கட்டும். கோயில் அறிவித்தல் பக்கத்தை வேண்டுமென்றால் எண்ணுக்கு மாற்றுங்கோ.