தட்டு ஈர்ப்பு வோல்ட்மீட்டர்: தராசு காட்டுவது கணக்கோடு ஒத்துவரவில்லை

அல்சூர் வாத்தியார்:
வணக்கம். பெங்களூரில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு தட்டுகளுக்கு இடையே உள்ள மின் ஈர்ப்பை வைத்தே வோல்டேஜை அளந்து மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எஸ்.பி. ரோட்டில் 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வாங்கினேன். அதன்மேல் 10 செ.மீ. விட்டமுள்ள அலுமினியத் தட்டு, எர்த் செய்திருக்கிறது. 5 மி.மீ. மேலே அதே அளவில் இன்னொரு தட்டு, அக்ரிலிக் சட்டத்தில் எம்6 போல்ட்டில் தொங்குகிறது. அதற்கு, கதிர்வீச்சை அளக்கும் கைகர் கவுண்டரின் சப்ளையிலிருந்து 1000 வோல்ட்.

கணக்குப்படி 0.14 கிராம் குறைய வேண்டும். சட்டென்று சுவிட்ச் போட்டால் 0.19 குறைகிறது. 500 வோல்ட்டில் 0.05. ஆனால் குமிழை மெதுவாகத் திருகி 1000க்குக் கொண்டுபோனால் தராசு 0.00இலேயே நிற்கிறது! பிறகு அணைத்தால் கூடுதலாக 0.19 காட்டுகிறது. தராசில் கோளாறா?

பழைய லேப்காரர்:
தராசு நன்றாகத்தான் இருக்கிறது சார். இந்த வகைத் தராசுகள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மெதுவாக நடக்கும் மாற்றத்தைத் தாமாகவே பூஜ்யமாக்கிக்கொள்ளும். தட்டுக்கு அடியில் 50 கிராம் எடைக்கல் வையுங்கள், காட்டுவதைப் பூஜ்யமாக்கும் டேர் பொத்தானை அழுத்தாதீர்கள். 50இலிருந்து எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

0.19 விஷயம்தான் சுவையானது. வோல்டேஜ் பாதியானால் விசை கால்பங்காக வேண்டும். உங்களுக்கு அப்படித்தான் வருகிறது. ஆகவே விதி சரி, இடைவெளிதான் தவறு. விளிம்பில் புலம் வெளியே வளைவதால் இந்த அளவுகளில் விசை சுமார் 3 சதவீதமே கூடும். மீதிக்கு, உங்கள் 5 மி.மீ. உண்மையில் 4.4 பக்கம் இருக்க வேண்டும். விசை இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால் அரை மில்லிமீட்டர் பிசகினாலே இந்தக் கதி.

இடைவெளியை அளக்கவே வேண்டாம். எம்6 போல்ட் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். ஒவ்வொரு சுற்றிலும் விசையைக் குறித்து, அதன் வர்க்கமூலத்தின் தலைகீழை இடைவெளி மாற்றத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வரும், அதன் சரிவே வோல்டேஜைத் தந்துவிடும்.

மின்பட்டறை:
சப்ளைக்கும் மேல்தட்டுக்கும் நடுவே 10 மெகாஓம் ரெசிஸ்டர் போடுங்கள் சார், பிள்ளைகள் கை வைக்கும் இடம். தட்டுகள் மின்னோட்டம் இழுக்காததால் அளவீடு மாறாது. பிளஸ், மைனஸ் முனைகளை மாற்றியும் ஒருமுறை பாருங்கள். விசை வேறாக வந்தால் அக்ரிலிக்கில் மின்னூட்டம் தங்கியிருக்கிறது.

அல்சூர் வாத்தியார்:
ரெசிஸ்டர் போட்டாயிற்று. முனை மாற்றினாலும் அதே விசைதான். எடைக்கல் வைத்ததும் மெதுவாகத் திருகினாலும் சரியாகக் காட்டுகிறது. போல்ட்டை ஒவ்வொரு சுற்றாக இறக்கினேன்: 0.19, 0.31, 0.62 கிராம். சரிவிலிருந்து சுமார் 1040 வோல்ட் வருகிறது. மிகுந்த நன்றி!

பழைய லேப்காரர்:
0.01 கிராம் தராசுக்கு 4 சதவீதப் பிழை அருமை சார். இன்னும் நெருங்க வேண்டுமென்றால் கீழ்த்தட்டைச் சுற்றி, அதைத் தொடாமல், எர்த் செய்த வளையம் ஒன்றை அதே மட்டத்தில் வையுங்கள். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் தன் மின்னழுத்தமானியில் செய்த ஏற்பாடு அது. விளிம்புக் கோளாறு வளையத்தோடு போய்விடும். மேல்தட்டு மட்டும் வளையத்தையும் மூடும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.